நம் ஊர்க் குளிர்காலமும் சட்டியில் பூக்கும் கிழங்குகளும்



உங்கள் வீட்டு வெங்காயக் கூடையைச் சற்று நினைத்துப் பாருங்கள். வாங்கிவந்து சில வாரங்கள் ஆனதும், அடியில் கிடந்த பெரிய வெங்காயம் ஒன்று பச்சை முளை விட்டிருக்கும். அதற்கு மண் போட்டவர் யார்? தண்ணீர் ஊற்றியவர் யார்? ஒருவரும் இல்லை. அதை நெடுக்காக இரண்டாக வெட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அடியில் தட்டுப் போன்ற ஒரு சிறிய தண்டு இருக்கும். அதைச் சுற்றி அடுக்கடுக்காகச் சதைப்பற்றுள்ள இலைகள் இருக்கும். நடுவில் வெளிவரக் காத்திருக்கும் ஒரு குருத்து இருக்கும். அந்தச் சதைப்பற்று முழுவதும் செடி தனக்காகச் சேர்த்து வைத்த உணவு. தாவர நூலார் இதைக் குமிழம் என்பார்கள். நாம் பேச்சு வழக்கில் கிழங்கு என்றே சொல்லிக்கொள்வோம்.

உலகத்தின் அழகான பூக்கள் பல, இப்படிப்பட்ட கிழங்குகளிலிருந்து வருகின்றன. ஐரோப்பாவிலே டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெளியில் பனி மூடிக் கிடக்கும். மரங்களில் ஓர் இலை இராது. அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளே ஜன்னல் ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் கிழங்கை வைத்துப் பூக்கச் செய்வது அங்குள்ள குடும்பங்களின் பழக்கம். இருண்ட மாதங்களில் வீட்டுக்கு ஒரு வெளிச்சம் வேண்டும் அல்லவா?

'பனியும் இல்லை, குளிரும் இல்லை. பட்டர்வொர்த்தில் இருக்கும் நமக்கு இந்தப் பேச்சு எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இங்கே இரவில்கூட வெப்பம் 23, 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு குளிர்காலம் தெரியும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மழை குறைந்து, பால்மரங்கள் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும் காலம் அது. தோட்டத்துத் துரைமார்கள் அதற்கு வைத்த பெயரே 'விண்டரிங்', அதாவது குளிர்காலம் காணுதல் என்பதுதான். இன்று பால்மரம் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. ஆனாலும் அந்த மொட்டை மரங்களையும், பால் குறைந்து கூலியும் குறைந்த மாதங்களையும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பால் ஏன் குறைந்தது? மரம் தன் உணவையெல்லாம் புதுத் தளிருக்குச் செலவிடுகிறது. அதனால் பாலுக்கு மிச்சம் இல்லை. வறட்சி வரும்போது ஓய்வு, பிறகு தளிர் என்பது பால்மரத்தின் கணக்கு. கிழங்குச் செடிகளின் கணக்கும் இதுதான். குளிர்நாட்டுக் கிழங்குக்கு ஓய்வைத் தருவது குளிர். வெப்பநாட்டுக் கிழங்கு பலவற்றுக்கு ஓய்வைத் தருவது வறட்சி. இந்த ஒரு விஷயம் விளங்கிவிட்டால், எந்தக் கிழங்கை வாங்கலாம், எதற்குப் பணத்தைப் பாழாக்க வேண்டாம் என்பது தானே விளங்கிவிடும்.

முதலில், வாங்க வேண்டாத கிழங்கைச் சொல்லிவிடுகிறோம். படங்களில் கோப்பை கோப்பையாக நிற்கும் டூலிப் பூவைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. டூலிப் கிழங்கு ஏறக்குறைய 5 முதல் 9 டிகிரி குளிரில் 12 முதல் 16 வாரம் கிடக்க வேண்டும். அப்போதுதான் பூத்தண்டு சரியாக நீளும். பினாங்கு மலையின் உச்சி சுமார் 830 மீட்டர் உயரம். கீழே இருப்பதைவிட 5 டிகிரி அளவு குளிர்ச்சி. அந்தக் குளிரும் டூலிப்புக்குப் போதாது. குளிர்ப்பெட்டியில் வைக்கலாம் என்றால், மூன்று நான்கு மாதம் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும். பக்கத்தில் பழுத்த வாழைப்பழமோ ஆப்பிளோ இருந்தால், பழத்திலிருந்து வரும் எத்திலீன் என்ற வாயு உள்ளே இருக்கும் பூ மொட்டைக் கெடுத்துவிடும். இத்தனை பாடுபட்டாலும் நம் வெப்பத்தில் அது ஒரே ஒரு தடவைதான் பூக்கும்.

சீனப் புத்தாண்டு நெருங்கும்போது நம் சீன அண்டை வீட்டார் ஒரு கிழங்கை வாங்கிவந்து தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குள் கிழங்கைப் பூக்க வைக்கும் கலை பினாங்கில் அதிகம் காணப்படுவது அங்கேதான். அந்தப் பூவின் பெயர் ஷுய் சியான். தண்ணீரில் வாழும் தேவர் என்று பொருள் சொல்லலாம். நார்சிசஸ் இனத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனாவுக்குப் போன செடி. பூஜியான் மாநிலத்தில் உள்ள ஜாங்ஜோ என்ற ஊர் இந்தக் கிழங்குக்குப் பேர்போனது. பினாங்குச் சீனர்களில் பலருடைய முன்னோர் வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான். மூன்று ஆண்டுகள் வயலில் வளர்த்துப் பெரிதாக்கிய கிழங்கைத்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். இதற்கு டூலிப்பைப் போல நீண்ட குளிர் வேண்டியதில்லை. ஆகவேதான் இங்கே பூக்கிறது.

இதை வைக்கும் முறை எளிது. ஆழமில்லாத கிண்ணத்தில் கூழாங்கற்களைப் பரப்பி, கிழங்கின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி நிறுத்த வேண்டும். கிழங்கு முழுவதும் தண்ணீரில் மூழ்கினால் அழுகிவிடும். வெளிச்சமான ஜன்னல் ஓரம் நல்லது. சுமார் நான்கு வாரத்தில் பூக்கும். வெப்பத்தில் இன்னும் சீக்கிரமும் பூத்துவிடும். இங்கே வரும் தொல்லை ஒன்று உண்டு. வெப்பம் மிகுந்து வெளிச்சம் குறைந்தால், இலையும் தண்டும் கொடிபோல நீண்டு சாய்ந்துவிடும்.

இந்தத் தொல்லைக்கு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2006ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கையான மருந்து சொன்னார்கள். இதே இனத்து வெள்ளைப் பூ ஒன்றை வைத்துச் சோதனை செய்தார்கள். வேர் விட்டு முளை இரண்டு அங்குலம் எழுந்தபின், வெறும் தண்ணீருக்குப் பதிலாக நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு சாராயம் கலந்த தண்ணீரை ஊற்றினார்கள். செடி மூன்றில் ஒரு பங்கு குட்டையாக நின்றது. பூ குறையவில்லை. நூற்றுக்கு 40 பங்கு சாராயம் உள்ள மது ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் சேர்த்தால் இந்த அளவு வரும். பீர் போன்ற சர்க்கரை உள்ளவை ஆகா. சம்சுவால் எத்தனையோ குடும்பங்கள் சீரழிந்ததைக் கண்ட நமக்கு, சாராயத்தால் ஒரு செடியாவது நேராக நின்றது என்று கேட்கச் சற்று ஆறுதலாகத்தான் இருக்கிறது.

ஷுய் சியான் அழகானதுதான். ஆனால் அதுவும் நம் ஊரில் ஒரு தடவைப் பூதான். பூத்து முடிந்த கிழங்கை எறிந்துவிட வேண்டியதே. வாரக் கூலியில் வீட்டை நடத்தும் குடும்பம் ஆண்டுதோறும் கிழங்கு வாங்கிக்கொண்டிருக்க முடியுமா? ஒரு முறை கையில் கிடைத்தால் ஆண்டாண்டாகப் பூத்து, குட்டி போட்டுப் பெருகும் கிழங்குகள்தான் நமக்கு ஏற்றவை. அப்படிப்பட்டவை மூன்றைச் சொல்கிறோம்.

முதலாவது மழை லில்லி. விரல் நுனி அளவுக் கிழங்கு. புல்லைப் போன்ற இலை. வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்களில் பூ. வறண்டு கிடந்த மண்ணில் நல்ல மழை பெய்து சில நாட்களுக்குள் திடீரென்று பூத்து நிற்பதால் இந்தப் பெயர். பூர்வீகம் அமெரிக்கக் கண்டம் என்றாலும், நம் சாலையோரத்திலும் வீட்டு வாசலிலும் உள்ளூர்ச் செடிபோல் ஆகிவிட்டது. ஆறு அங்குலச் சட்டியில் பத்துக் கிழங்குகளை ஓர் அங்குல ஆழத்தில் நெருக்கமாக நடலாம். நன்றாக வளர்ந்தபின் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் விடாமல், மழை படாத இடத்தில் வையுங்கள். பிறகு ஒரு நாள் சட்டி முழுதும் நனையும்படி தண்ணீர் விடுங்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் மொட்டு எழும். ஒரு பூ ஓரிரு நாள்தான் நிற்கும். ஆகையால் மூன்று சட்டிகள் வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் காயவிட்டு நனைத்தால், வீட்டில் அடிக்கடி பூ இருக்கும். மழையை நாமே முறைபோட்டு வரவழைப்பது போன்ற வேலை இது. பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். எந்தச் சட்டியை என்றைக்கு நனைத்தோம், என்றைக்குப் பூத்தது என்று அவர்கள் நாட்காட்டியில் குறித்து வைக்கட்டும். அது ஓர் அறிவியல் பாடமாகவும் அமையும்.

இரண்டாவது, எக்காளம்போல் பெரிய பூ விடும் அமரில்லிஸ். தாவர நூலார் ஹிப்பியாஸ்ட்ரம் என்பார்கள். தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. செம்மஞ்சள் நிறத்துப் பழைய வகை, கவனிப்பு இல்லாமலே வளரும். கடைகளில் சிவப்பு, வெள்ளை, கோடு போட்ட வகைகளும் கிடைக்கின்றன. கைப்பிடி அளவு பருத்த கிழங்குதான் பூக்கும். பக்கக் குட்டிகள் பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். கிழங்கைவிட இரண்டு அங்குலம் மட்டும் அகலமான சட்டி போதும். கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முழுவதும் புதைத்தால் கழுத்து அழுகும்.

இதற்கு ஓய்வு தரும் காலம் நம் ஊர் வறட்சியோடு நன்றாகப் பொருந்துகிறது. டிசம்பர் முதல் வாரத்தில் தண்ணீரை நிறுத்திவிட்டு, சட்டியை மழை படாத மூலைக்கு மாற்றுங்கள். இலைகள் மஞ்சளாகி வாடும். முழுவதும் வாடாவிட்டாலும் கவலை இல்லை. எட்டு முதல் பத்து வாரம் இப்படியே கிடக்கட்டும். பிப்ரவரி நடுவில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஒரு முறை நன்றாக நனைத்து, பிறகு முளை தெரியும்வரை அளவாகத் தண்ணீர் விடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் பூ வரும். சித்திரைப் புத்தாண்டுக்கு வாசலில் அது நிற்க வேண்டுமானால், இதுதான் கணக்கு. பூ வாடியதும் தண்டை மட்டும் நறுக்கிவிட்டு, இலைகளை வெட்டாமல் விடுங்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கு உணவு சேர்ப்பது அந்த இலைகள்தாம். பூ முடிந்ததென்று இலையை அறுக்கிறவர்கள், அடுத்த ஆண்டு ஏன் பூக்கவில்லை என்று கேட்கிறார்கள்.

மூன்றாவது, நம் எல்லோருக்கும் வேண்டிய சம்பங்கி. கல்யாண மாலையில் வெள்ளையாகக் கோத்திருக்கும் அந்தப் பூதான். மலாய்க்காரர்கள் சுண்டால் மாலாம் என்பார்கள். இதன் பிறப்பிடம் மெக்சிகோ. தமிழ்நாட்டிலே திண்டுக்கல், ஈரோடு, சேலம் பக்கங்களில் ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறார்கள். பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சிருங்கார், பிரஜ்வல் போன்ற நல்ல வகைகளை உண்டாக்கியிருக்கிறது. மாலைக்கும் வாசனைக்கும் ஒற்றை அடுக்குப் பூவே சிறந்தது.

நட்டு 80 முதல் 100 நாளில் சம்பங்கி பூக்கும். அக்டோபர் முதல் வாரத்தில் நட்டால், பொங்கலையும் தைப்பூசத்தையும் ஒட்டிப் பூ எடுக்கலாம். பூ விலை ஏறும் நாட்கள் அவை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. எட்டு அங்குலச் சட்டியில் மூன்று நான்கு கிழங்குகளை இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். அக்டோபர், நவம்பர் நமக்கு மழை மிகுந்த மாதங்கள். ஆகையால் கூரை விளிம்புக்கு உட்பக்கமாக, ஆனால் வெயில் விழும்படி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் இல்லாமல் சம்பங்கி பூக்காது. இருட்டு அறையில் வைத்துவிட்டுக் கிழங்கைக் குறை சொல்லக் கூடாது. தண்டு இரண்டு மூன்று அடி வளரும். ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். அடிப்பூ மலரத் தொடங்கியதும் சட்டியை உள்ளே கொண்டுவரலாம். பூக்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மலரும். இரவில் வீடே மணக்கும். ஒரு முறை பூத்த கிழங்கு மறுபடியும் பூக்காது. ஆனால் அதைச் சுற்றிப் பல குட்டிகள் இருக்கும். இலை மஞ்சளானதும் தோண்டி எடுத்து, நிழலில் உலர்த்தி, பெரியவற்றைப் பிரித்து மீண்டும் நடுங்கள்.

மூன்றுக்கும் மண் ஒன்றேதான். தோட்ட மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய எருவோ செம்பனைக் குலை மக்கியதோ ஒரு பங்கு. சட்டி வாங்கப் பணம் இல்லையென்றால், மைலோ டின்னோ பழைய வாளியோ போதும். அடியில் நான்கு துளைகள் மட்டும் அவசியம். கிழங்கு சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, தண்ணீர் மிகுதியால்தான். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை கொழுக்கும், பூ வராது. சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ் உள்ள கலப்பு உரத்தை மாதம் ஒரு முறை ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகப் போட்டால் போதும்.

இனி, விளையாட்டில்லாத இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள்.

ஒன்று கொசு. சட்டியின் அடியில் வைக்கும் தட்டிலும், ஷுய் சியான் வைத்த கிண்ணத்திலும் தேங்கும் தெளிந்த தண்ணீர்தான் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, ஈரம் இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும். ஆகவே தட்டுகளை எடுத்துவிடுங்கள். அல்லது அவற்றில் மணலை நிரப்புங்கள். கிண்ணத்து நீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு வளர இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. அபராதத்தைவிடக் குழந்தையின் உயிர் பெரிது.

இரண்டாவது நஞ்சு. ஷுய் சியான், அமரில்லிஸ், மழை லில்லி ஆகிய மூன்றின் கிழங்கும் பார்வைக்கு வெங்காயம்போல் இருக்கும். ஆனால் உள்ளே லைக்கோரின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்றால் கடும் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். வேக வைத்தாலும் போகாது. இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் சூப் வைத்தபோது, வெங்காயத்தோடு நார்சிசஸ் இனத்துக் கிழங்கு ஒன்று கலந்துவிட்டது. பல பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. 2015இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை, இந்தப் பூக்களையும் கிழங்குகளையும் காய்கறிகளுக்குப் பக்கத்தில் வைத்து விற்க வேண்டாம் என்று பெரிய கடைகளைக் கேட்டுக்கொண்டது. படித்தவர் நிறைந்த நாட்டிலேயே இப்படி என்றால், நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்! உலரவைத்த கிழங்கை ஒருபோதும் சமையலறையில் வைக்காதீர்கள். மூடியுள்ள டின்னில் போட்டு, வெளியே பெயர் எழுதி, கைக்குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

முருகனுக்குரிய செங்காந்தளும் கிழங்குச் செடிதான். தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் அதுவே. அதன் கிழங்கில் உள்ள கொல்சிசின் உயிரையே வாங்கக்கூடியது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வளர்க்கவே வேண்டாம். யாராவது தெரியாமல் இவற்றில் எதையாவது தின்றுவிட்டால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல், மீதிக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன தின்றார்கள் என்பதை மருத்துவர் அறிய அது உதவும்.

கடைசியாக ஒன்று. செபராங் பிறையில் எத்தனையோ தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. கரும்பும் பால்மரமும் செம்பனையும் விளைந்த பத்து காவானில், 2014ஆம் ஆண்டில் இரண்டாவது பாலம் வந்து இறங்கியது. லயத்து வாசலில் மல்லிகையும் கனகாம்பரமும் வைத்திருந்த குடும்பங்கள் பல, இன்று பட்டர்வொர்த்திலும் பிறையிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றன. இன்னும் சில குடும்பங்கள், என்றைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற நிலையில் தோட்டங்களில் இருக்கின்றன. முப்பது வருட மல்லிகைப் புதரைப் பெயர்த்துக்கொண்டு வர முடியாது. வேலி ஓரத்து முருங்கையையும் கொண்டுவர முடியாது. கிழங்கைக் கொண்டுவரலாம். ஓய்வில் இருக்கும் கிழங்கு மண்ணும் தண்ணீரும் கேட்காமல் ஒரு பால்டின்னுக்குள் பல வாரம் உயிரோடு இருக்கும். ஐந்தாம் மாடி நடைபாதையில் ஒரு சட்டி வைக்க இடம் கிடைத்தால், அங்கேயும் முளைக்கும்.

ஆகவே, இன்னும் தோட்டத்தில் இருக்கிறவர்கள் வாசலில் உள்ள மழை லில்லியிலும் சம்பங்கியிலும் கொஞ்சம் கிழங்கு எடுத்து வையுங்கள். மாடி வீட்டுக்குப் போய்விட்ட அக்காளுக்கோ சம்பந்திக்கோ ஒரு கைப்பிடி கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்: இது சமையலுக்கு அல்ல என்பது ஒன்று, இதற்கும் ஓய்வு வேண்டும், வாடிவிட்டதென்று தூக்கி எறியக் கூடாது என்பது மற்றொன்று.